நாற்காலியைத் தள்ளுங்க, ராஜா!

காவியாவுக்கு நாடகத்தில் ஒரே ஒரு வசனம்தான். "இடமில்லை! போங்கள்!"

அதை அவள் பத்து நாளாக ஊரெல்லாம் சொல்லிப் பழகினாள். மாட்டிடம் சொன்னாள். பென்னாகரம் பஸ்ஸில் ஏற வந்தவர்களிடமும் சொல்லி, கண்டக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

நாடகத்தை எழுதியவன் குரு, ஐந்தாம் வகுப்பு லீடர். ராஜாவும் அவனே. ராஜாவின் வசனம் மட்டும் பதினாறு பக்கம்! பக்கத்து நாட்டில் போர் மூண்டு, மக்கள் ஓடி வந்து கோட்டைக் கதவைத் தட்டுவார்கள். காவல்காரி காவியா விரட்ட வேண்டும்.

"ஏன்டா விரட்டணும்?" என்று ஒத்திகையில் கேட்டாள்.

"மேடை சின்னதுடி. அவங்க உள்ள வந்துட்டா நான் எங்க நடக்கறது?"

மேடையின் பாதியை அவனுடைய சிம்மாசனமே அடைத்திருந்தது. தலைமையாசிரியர் அறையிலிருந்து கேட்டு வாங்கிய, சக்கரம் வைத்த சுழல் நாற்காலி அது.

ஆண்டு விழா வந்தது. அட்டைக் கதவை முதலில் தட்டியவள் நிரோஜா, காவியாவின் தோழி. அணைக்கட்டு அருகே உள்ள அகதி முகாமில் அவள் வீடு.

"ஊரே எரியுதுங்க! பிள்ளைங்களோட வந்திருக்கோம். உள்ள விடுங்க!"

காவியா வாயைத் திறந்தாள். முன்வரிசையில் நிரோஜாவின் அம்மா கண்ணில் பட்டார். ஏழு வயதில் இலங்கைப் போருக்குத் தப்பிப் படகில் வந்தவர். இப்போது முந்தானையால் வாயைப் பொத்தியபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டிடம் வந்த வசனம் இங்கே வரவில்லை. காவியாவுக்கு அழுகைதான் வந்தது.

"சொல்லுடி!" ராஜா பல்லைக் கடித்தார்.

"வாங்க, எல்லாரும் உள்ள வாங்க!" என்று காவியா கதவை இழுத்தாள். கதவு கையோடு வந்துவிட்டது.

வெளியே நின்ற எட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். ராஜாவுக்கு முகம் சிவந்தது. "காவலாளியே! இங்கே ஏது இடம்?"

"நாற்காலியக் கொஞ்சம் தள்ளுங்க, ராஜா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "தள்ளு ராஜா, தள்ளு!" என்று பின்னாலிருந்து குரல்கள் கேட்டன. வேறு வழியில்லாமல் ராஜா காலால் ஓர் உந்து உந்தினார். நாற்காலி கடகடவென்று உருண்டு மூலையில் போய் முட்டியது. எட்டுப் பேரும் நின்ற பிறகும் இரண்டு பேருக்கு இடம் மிச்சம்!

உருண்ட வேகத்தில் ராஜாவுக்குப் பதினாறு பக்கமும் மறந்துபோனது. நிரோஜாதான் அருகில் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தாள்.

நாடகம் முடிந்ததும் அவள் அம்மா வந்து காவியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கும் ஒருத்தர் இப்பிடித்தான் கதவு திறந்துவிட்டவர், பிள்ளை."

குரு கிரீடத்தைக் கழற்றியபடி முறைத்தான். "அடுத்த வருஷம் உனக்கு வசனமே கெடையாது, பாத்துக்க."

"வேணாம்," என்றாள் காவியா. "கதவ மட்டும் என்கிட்ட குடு."