போகும் உடலும் வரும் உடலும்

காலையில் பர்னபாஸை வீட்டிலிருந்து வெளியே விட்ட அதே ஆடையில், மத்தியானம் அவனைச் சிகிச்சை மையத்திலிருந்து வெளியே விட வாசற்கண் மறுத்தது.

"பொருத்தம் இல்லை," என்றது. கதவு அசையவில்லை.

ரோஸ்லின் கணவனைப் பின்னுக்கு இழுத்துக் கணுக்காலில் ஆடையை நீவிவிட்டாள். இடுப்பில் இழுத்துச் சரிசெய்து மறுபடியும் நிறுத்தினாள். மறுபடியும் அதே பதில். இடுப்புத் துணி அவள் கைக்குள் கொத்தாக வந்தது. காலையில் அங்கே விரல் நுழைய இடமிருக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிறுநீரகம் நின்றுபோன உடம்பில் தேங்கியிருந்த நீரையெல்லாம் மையத்து இயந்திரம் உறிஞ்சி எடுத்துவிட்டது. வந்த உடல் வேறு, திரும்பிப் போகும் உடல் வேறு. ஆடை மட்டும் ஒன்று.

தூத்துக்குடியில் குளிராடை இல்லாமல் யாரும் தெருவில் இறங்கி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. இரவிலும் பகலிலும் வெளிக்காற்று மனிதத் தோலுக்கு ஆகாது. குளிரிழைத் துணி தோலோடு ஒட்டிக் கிடந்தால் உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒட்டாமல் விலகி நின்றால் அந்த இடத்தில் காற்று அடைபட்டு, இட்லிக் கொப்பரைக்குள் போல ஆவி கட்டிச் சதை வெந்துவிடும். இறுக்கித் தைத்தாலோ இழை நசுங்கிக் குளிர் ஓடாது. ஆளாளுக்கு இத்தனை நெருக்கமாக அளவெடுத்துத் தைத்துத் தர எந்தத் தொழிற்சாலையாலும் முடியவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு அளவாடி வந்தது. ஆளுயரக் கண்ணாடி அது. முன்னால் நின்றால் உடலை மயிரிழை பிசகாமல் அளந்து வெட்டுத்தாளை அச்சிட்டுத் தரும். தாளைத் துணிமேல் பரப்பி வெட்டி, வீட்டிலேயே தைத்துக்கொள்ள வேண்டியதுதான். வக்கீலுக்கும் தெரியும், மாலுமிக்கும் தெரியும், தையல் தெரியாத ஆளே ஊரில் கிடையாது. ரோஸ்லின் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரைவழியே வேதியியல் நடத்துகிறவள். அவளுக்கும் தெரியும்.

ஆரம்ப ஆண்டுகளில் சேராத ஆடையோடு இறங்கித் தெருவிலேயே விழுந்து செத்தவர்கள் அநேகம். அதன் பிறகுதான் எல்லாக் கட்டடங்களுக்கும் வாசற்கண் பொருத்தினார்கள். ஆடை உடம்போடு சேர்ந்திருந்தால்தான் அது கதவைத் திறக்கும். மனிதர்கள் கெஞ்சினாலும் அதட்டினாலும் அதற்கு ஒன்றுதான்.

மையத்தின் மருத்துவர் ஹமீதா வந்து பார்த்தார். பர்னபாஸின் கெண்டைக்காலில் தொளதொளத்த துணியைத் தொட்டுவிட்டு ரோஸ்லினைத் தனியே அழைத்தார்.

"இன்னிக்குக் குளிர்வண்டியில அனுப்பி வைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்டா எனக்குத் தர மாட்டாங்கம்மா. உயிருக்குப் போராடுறவங்களுக்குத்தான் அந்த வண்டி."

"இவுக வேற என்னதான் செய்யுதாக டாக்டரம்மா?"

"நடக்குறாரே," என்றார் ஹமீதா. சொல்லிவிட்டு அவருக்கே அந்தச் சொல் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லின் பர்னபாஸை அளவாடிமுன் நிறுத்தி, இரண்டாவதாக ஒரு வெட்டுத்தாள் கேட்டாள். அளவாடி அவனைக் காலையில் எடுத்த அளவோடு ஒத்துப் பார்த்தது.

"ஒருவருக்கு ஓர் உடல். இரண்டில் எது உங்களுடையது?"

"ரெண்டும் எனக்குள்ளதுதான்," என்றான் பர்னபாஸ். துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டியவன். எதற்கும் உடனே பதில் சொல்லிப் பழகியவன். அளவாடிக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தது.

தேர்ந்தெடுத்தும் பயனில்லை. வீங்கிய உடலுக்குத் தைத்தால் திரும்பி வர முடியாது, வற்றிய உடலுக்குத் தைத்தால் போகவே முடியாது. நீர் ஏறும்வரை மையத்திலேயே காத்திருந்து, ஆடை சேர்ந்த பிறகு வீட்டுக்கு நடந்தால், வந்த வேகத்தில் மூச்சிரைக்கத் திரும்பிப் போக வேண்டும். ஒரு வழி நடப்பதற்கே அவன் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

அவளுடைய ஆண்டுத் துணி அந்த வாரம்தான் வந்திருந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு ஓர் ஆடைக்கான துணி, அவ்வளவுதான் நகரம் தரும். ரோஸ்லின் அதை மடி பிரிக்காமல் எடுத்துப் பார்த்தாள். பிறகு மேசைமேல் விரித்தாள்.

அடுத்த சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவனை நூல் சுற்றி அளந்தாள். கணுக்கால், கெண்டை, தொடை, அடிவயிறு, முழங்கை. அளவாடி கண்டதெல்லாம் உடலைத்தான். அவள் வெட்டியதோ உடலை விட்டுப் போன நீருக்கு. கெண்டைக்காலுக்கு வாழைப்பூ மடல் போல ஒன்று, அடிவயிற்றுக்குப் பிறை வடிவில் ஒன்று, கணுக்காலுக்கு வளையமாக ஒன்று. வெளியே குளிரிழைத் துணி, உள்ளே பஞ்சு. மையத்துப் பனிநீரில் ஊறவைத்து ஆடைக்குள் செருகினால், நீர் போன இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். பஞ்சு காய்ந்துவிட்டால் ஆபத்து. காய்வதற்குள் வீடு வந்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

வாசற்கண்ணுக்குத் துணியின் அடியில் ஏதோ ஒன்று ஒட்டிக் கிடக்கிறதா என்பதுதான் தெரியும். சதையா பஞ்சா என்று தெரியாது.

"பொருத்தம் சரி," என்றது.

தெருவில் பர்னபாஸ் சிரித்துக்கொண்டே வந்தான். "நடந்தா உள்ள சளக்கு புளக்குன்னுதுட்டி. மீனக் கட்டிட்டு நடக்கிற மாதிரி இருக்கு." அவளுக்கும் சிரிப்பு வந்தது. பல மாதமாக அவர்கள் வீட்டில் சிரிப்பு இருந்ததில்லை.

மையத்தின் காத்திருப்பு அறையில் ஆவுடைத்தங்கம் என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் சித்திரைவேலையும் ஒருமுறை வாசற்கண் நிறுத்திவிட, குளிர்வண்டி கிடைக்காமல் அங்கேயே தரையில் கிடந்தான். பர்னபாஸ் நடந்து போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் ரோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ தங்கச்சி, என்ன செஞ்சேன்னு எனக்கும் சொல்லிக் குடு. நான் ஒருத்தருட்டயும் மூச்சு விடமாட்டேன்."

ரோஸ்லின் சொல்லிக்கொடுத்தாள். எங்கே நூல் சுற்றுவது, எவ்வளவு பஞ்சு வைப்பது, மடிப்பு விழாமல் எப்படிச் செருகுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். ஆவுடைத்தங்கம் மூச்சு விடாமல் இருக்கவில்லை. இருக்கவும் முடியாது. எதிரே இன்னொருத்தி தலையில் கைவைத்து அழுதுகொண்டிருக்கும்போது யாரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? கொஞ்ச நாளில் அந்த மையத்துக்கு வந்துபோன அத்தனை நோயாளிகளும் திணிப்போடுதான் வீடு திரும்பினார்கள். சிகிச்சை முடிந்ததும் பெண்கள் பனிநீர்த் தொட்டியைச் சுற்றி நின்று பஞ்சு நனைப்பார்கள். மருத்துவர் ஹமீதா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

மழை பெய்திருக்க வேண்டிய மாதம் ஒன்று பெய்யாமலே கழிந்த பிறகு, ஒரு காலையில் ஹமீதா எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மையத்தை மூடப்போறாங்க," என்றார். "இந்த மாசத்தோட."

"நகர நலமன்றம் எந்தச் சிகிச்சைக்குத் துணி, தண்ணி, மின்சாரம் தர்றதுன்னு வாசற்கண் அளவை வெச்சுத்தான் முடிவு பண்ணுது. உள்ள வந்த உடல் என்ன, வெளிய போன உடல் என்ன. உங்க எல்லாருக்கும் ரெண்டும் ஒண்ணா இருக்கு. ஆறு மாசமா ஒரு நோயாளியோட உடம்பும் இங்க மாறவே இல்லையாம். சிகிச்சையில பலன் இல்லைன்னு முடிவு கட்டிட்டாங்க."

"உங்க ரத்தப் பரிசோதனை?" என்று ரோஸ்லின் கேட்டாள்.

"காட்டினேன். வாசல் சொல்றதோட ஒத்துப்போகல. அப்ப என் பரிசோதனைதான் தப்புன்னுட்டாங்க."

ஆவுடைத்தங்கம் எழுந்து நின்றாள். "பஞ்சு வச்சோம்னு உண்மையச் சொல்லிருவோம் டாக்டரம்மா."

"சொன்னா, அளவை ஏமாத்துன குற்றம். வெச்சவங்களுக்கும் வெச்சுவிட்டவங்களுக்கும் ஆடை உரிமையே போயிடும். அதுக்கப்புறம் சிகிச்சை இருந்தும் எப்படி வந்து சேருவீங்க?"

ரோஸ்லின் ஒருத்தி தன் கணவனுக்காகச் செய்தது அது. ஒருத்தியோடு நின்றிருந்தால் அது நலமன்றத்தின் கண்ணிலேயே பட்டிருக்காது. எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததால்தான் ஒரு சிகிச்சையே பொய்யாகிப்போனது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள், இதற்கும் ஏதாவது வழி வைத்திருப்பாள் என்பது போல.

வழி ஒன்று இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பஞ்சு இல்லாம நின்னா?" என்றாள் கடைசியில். "சிகிச்சை முடிஞ்சதும் அப்பிடியே வாசல்ல போய் நின்னா, அது அளக்கும். பொருத்தம் இல்லைன்னு சொல்லும். அந்த அளவும் நலமன்றத்துக்குப் போகும்லா?"

"போகும்," என்றார் ஹமீதா மெதுவாக. "உடம்பு மாறுதுன்னு பதிவாகும். ஆனா ஒருதடவை நீர் வத்துன உடம்பைப் பார்த்துட்டா, அப்புறம் அதே நாள்ல வீங்குன அளவோட வெளிய விடாது. திணிப்பைக் கண்டுபிடிச்சிரும். நின்னவங்க யாரும் வீட்டுக்குப் போக முடியாது. பதிவு தொடரணும்னா ஒவ்வொரு சிகிச்சைக்கும் இப்படியேதான் நிக்கணும், அதனால இங்கதான் இருக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

ஹமீதா சிகிச்சை இயந்திரங்களின் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிகிச்சை எத்தனை நாளைக்கோ அத்தனை நாளைக்கு.

"உள்ளயே கெடக்கட்டும்," என்றாள் ஆவுடைத்தங்கம். "உசுரோட கெடக்கட்டும்."

வீட்டில் பர்னபாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வீங்கிய கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு சன்னல் வழியே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பழைய படகு இப்போது ஆளில்லாமல் தானே ஓடியது.

"அங்கன போய் நாலு சுவத்துக்குள்ள கெடக்கதுக்கு நான் இங்கயே கெடந்து போறேன்."

"இங்க இருந்தா எத்தனை நாள்னு தெரியும்லா?"

"தெரியும். எண்ணிப் பாக்காமலா பேசுதேன்?"

"சித்திரைவேல் அண்ணனும் மத்தவுகளும் நிக்காக. ஒருத்தர் கொறஞ்சாலும் மன்றம் நம்பாம போயிருமோன்னு டாக்டரம்மா பயப்படுதாவ."

"அவுகளுக்காவ என்னைய உள்ள தள்ளுதியா?"

அவள் அவன் காலடியில் உட்கார்ந்தாள். அவன் பாதத்தை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. நெடுநேரம் அது நிரவவே இல்லை. இருவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்காவத்தான் தள்ளுதேன்," என்றாள். "உங்க கண்ணுக்கு நான் கெட்டவளா இருந்துட்டுப் போறேன். நாளைக்கு வாங்க."

காலையில் அவன் அவளுக்கு முன்னால் எழுந்து ஆடைக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான்.

அன்று சிகிச்சை முடிந்ததும் பனிநீர்த் தொட்டிக்கு யாரும் போகவில்லை. எல்லாருடைய திணிப்புகளையும் ஆவுடைத்தங்கம் ஒரு சாக்கில் கட்டி மூலையில் போட்டாள். வற்றிய உடம்போடும் தொங்கும் ஆடையோடும் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளைகள் போலிருந்தது. முதலில் சித்திரைவேல் போனான்.

"பொருத்தம் இல்லை."

அவன் தள்ளி நின்றான். அடுத்தவர். அதற்கடுத்தவர். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு கிழவர் மட்டும், ஒருவேளை தனக்குத் திறந்துவிடுமோ என்று கதவில் கைவைத்துக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். பர்னபாஸ் கடைசியில் நின்றான். மறுப்பைக் கேட்டதும் தலையை ஆட்டினான். கப்பல்காரன் சொன்ன ஆழத்தைக் குறித்துக்கொள்வது போன்ற ஆட்டல்.

மாலைக்குள் நலமன்றத்தின் குரல் மையத்துத் திரையில் வந்தது. சிகிச்சையால் உடல் மாறுவது உறுதிப்பட்டுள்ளது, மையம் தொடர்ந்து இயங்கும் என்றது. சற்று விட்டு, இங்கே அளக்கப்பட்ட உடல்கள் எந்த ஆடைக்கும் பொருந்தாதவை, வெளிச்செல்ல அனுமதி இல்லை என்றது. இரண்டையும் ஒரே தொனியில்தான் சொன்னது. யாரும் கைதட்டவில்லை. ஹமீதா நடைவழியில் பாய் விரிக்க இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பர்னபாஸுக்குத் தலையணை வேண்டும், மாற்றுத்துணி வேண்டும். காலையில் ரோஸ்லினுக்கு வகுப்பு வேறு. அவள் கிளம்பினாள். அவன் வாசல்வரை வந்து, போகாதே என்றும் சொல்ல முடியாமல், அவள் மேல்கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் விரல் உள்ளே அமுங்கியது. ஈரம் கசிந்தது.

அவன் முகம் மாறியது. தோளைத் தொட்டுப் பார்த்தான். இடுப்பைத் தொட்டான். எங்கே தொட்டாலும் பஞ்சு.

"ரோசி. இது என்ன?"

"சத்தம் போடாதிய."

"எப்ப இருந்து?"

"நீங்க படுத்ததுலேருந்தே எனக்குச் சோறு எறங்கல. மேலு வத்திப்போச்சு."

"புதுசாத் தைக்கப்பிடாதா?"

"துணி ஏது?" என்றாள்.

அவளுடைய ஆண்டுத் துணி முழுவதும் அவன் கெண்டைக்காலிலும் அடிவயிற்றிலும் இருந்துவிட்டு, இப்போது மூலையில் சாக்கில் கிடந்தது. பர்னபாஸ் அந்தச் சாக்கைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் கையை விலக்கிவிட்டு வாசற்கண் முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள்.

"பொருத்தம் சரி."

நாளெல்லாம் மூடியே கிடந்த கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டு நின்று அதைப் பார்த்தார்கள். வெக்கை முகத்தில் அடித்தது. இடுப்புப் பக்கம் பஞ்சு ஏற்கெனவே காயத் தொடங்கியிருந்தது. ரோஸ்லின் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தாள்.