கோட்டில் குத்திப் போன வீட்டுப்பாடம்

அந்தத் தையல் கடை ரொம்பச் சின்னது. உள்ளே ஒருவர் தும்மினால் வெளியே நிற்பவர் முகம் துடைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு சின்னக் கடையில் அப்பா தைப்பார், சித்தப்பா இஸ்திரி போடுவார், வாலு வீட்டுப்பாடம் எழுதுவாள். வாலு என்பது பள்ளிக்கூடத்துப் பெயர் இல்லை. ஆனால் அப்படிக் கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இங்கிலீஷ் வேலை. ஐ, ஜி, ஹெச், டி என்ற நான்கு எழுத்தும் கடைசியில் வருகிற எட்டு வார்த்தைகளை எட்டுச் சீட்டில் எழுதி, கீழே அர்த்தமும் எழுத வேண்டும்.

"இந்த ஜியும் ஹெச்சும் எதுக்குப்பா நடுவுல? சத்தமே போடாம சும்மா உட்கார்ந்திருக்கு."

"உங்க சித்தப்பா மாதிரி," என்றார் அப்பா.

"காதுல விழுந்துக்கிட்டுதான் இருக்கு," என்று இஸ்திரிப் புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்த துண்டுச் சீட்டுகளில் எட்டை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதினாள் வாலு. மை காய வேண்டுமே! மேசையில் இடமில்லை. தைத்து வரிசையாக வைத்திருந்த எட்டுப் புதுத் துணிகளின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அங்கேதான் வந்தது வினை. துணி மேல் என்ன சீட்டு இருக்கிறதோ, அதைக் குண்டூசியால் குத்தி அனுப்புவது அந்தக் கடையின் வழக்கம். சீட்டில் துணிக்காரரின் பெயர் இருக்கும். ஆனால் சித்தப்பா அதைப் படிக்கவே மாட்டார்.

"தோளைப் பார்த்தாலே எவர் சட்டைன்னு தெரியும். பேரு எதுக்கு?" என்பார்.

வாலு திரும்பி வந்தபோது மேசை காலி. சித்தப்பா எல்லாவற்றையும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு நின்றார்.

அப்பாவின் போன் அலறியது. பேசியவர் ஊர்வலங்களில் வாசிக்கிற பேண்டு வாத்தியக் குழுவின் மாஸ்டர். அவர் போட்ட சத்தத்தில் கத்தரிக்கோல் தானாக இரண்டு முறை வெட்டியது.

"என்னய்யா டெய்லரே! என் கோட்டுல 'டைட், இறுக்கம்'னு எழுதி அனுப்பியிருக்கே! நான் குண்டுன்னு குத்திக்காட்டுறியா? ஏழு கோட்டும் சாயங்காலம் திரும்பி வருது, பார்த்துக்க!"

அப்பாவின் முகம் வெள்ளைத் துணியாகிவிட்டது. ஒரு மாத உழைப்பு. தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டை வேறு யார் வாங்குவார்கள்?

"நான் பரப்பின சீட்டுப்பா. நானே போய்ப் பேசுறேன்," என்று சொல்லிவிட்டு வாலு ஓடினாள்.

வழியில் உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் பயில்வான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு கையில் நான்கு பேர் குடும்பம் நடத்தலாம். அந்தக் கையில் புதுச் சட்டை. சட்டையில் 'ஃப்ரைட், பயம்' என்ற சீட்டு.

"பாப்பா, உங்கப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"என்னது மாமா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "எனக்குக் கரப்பான் பூச்சின்னா பயம்னு. அளவெடுக்கும்போது ஏதாவது உளறிட்டேனா?"

"ஐயோ, அது என் வீட்டுப்பாடம் மாமா!"

"அப்பாடா! இந்தா, எடுத்துட்டுப் போ. யார்கிட்டயும் காட்டிடாதே தாயே. என் பொழைப்பே போயிடும்."

"சத்தியமா காட்ட மாட்டேன்." சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

பேண்டுக் கொட்டகையில் ஒரே கூச்சல். "நான் பகல்லயே தூங்குறதை யார் போட்டுக் கொடுத்தது?" என்று 'நைட், இரவு' வந்த டிரம்காரர் கத்தினார். வழுக்கைத் தலைக்காரருக்கு 'பிரைட், பிரகாசம்' வந்திருந்தது. 'ஃபைட், சண்டை' வந்தவரோ ஏற்கெனவே பக்கத்து ஆளின் காலரைப் பிடித்திருந்தார்.

"இதெல்லாம் என் வீட்டுப்பாடம் மாமா," என்றாள் வாலு.

"வீட்டுப்பாடமாம்! ஆளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு!" என்று உறுமினார் மாஸ்டர். "எங்களைத் தவிர வெளியாள் யாருக்காவது இப்படி வந்திருக்கா? காட்டு, நம்புறேன். அது என்ன கையில?"

காட்டினால் கோட்டு தப்பிக்கும். பயில்வான் மாட்டிக்கொள்வார்.

வாலு சீட்டை வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

"பசி," என்றாள்.

இருந்த ஒரே சாட்சியும் வயிற்றுக்குள் போய்விட்டது. மாஸ்டர் கோட்டுகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

"மாமா, கோட்டைப் போட்டுப் பார்த்தீங்களா?"

"எதுக்குப் போடணும்? அதான் எழுதியே அனுப்பிட்டாங்களே!"

"எழுதினது நான். தைச்சது எங்கப்பா. போட்டுக்கிட்டு மூச்சு பிடிச்சு டிரம்பெட் ஊதுங்க. ஒரு பொத்தான் தெறிச்சாலும் ஏழு கோட்டையும் நானே சுமந்துட்டுப் போறேன்."

மாஸ்டர் கோட்டைப் போட்டார். மூச்சை இழுத்தார். ஜன்னல் திரை அவர் பக்கம் பறந்து வந்தது. ஊதினார் பாருங்கள்! சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. தெருநாய்கள் அடுத்த ஊருக்குக் குடிபோயின. பொத்தான்கள் மட்டும் அசையவே இல்லை.

மாஸ்டர் கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார். இன்னொரு தரம் பக்கவாட்டில் பார்த்தார்.

"யாருடா சொன்னது நான் குண்டுன்னு?"

"நாங்க சொல்லவே இல்லை மாஸ்டர்!" என்றார்கள் ஆறு பேரும்.

"கோட்டு இங்கேயே இருக்கட்டும்னு அப்பாகிட்ட சொல்லு பாப்பா."

"சரி மாமா. சீட்டை மட்டும் குடுங்க."

வழுக்கைத் தலைக்காரர் சீட்டைப் பொத்திக்கொண்டார். "பிரகாசம்! எங்க வீட்டுல ஒருத்தரும் என்னை இப்படிச் சொன்னதில்லை. தர மாட்டேன்."

அதைக் கேட்டதும் மற்றவர்களும் ஆளுக்கொரு சீட்டை நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். "அப்போ நான் மட்டும் வெறுங்கோட்டோட போறதா?" என்று மாஸ்டரும் குத்திக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் மிஸ் கேட்டார், "வீட்டுப்பாடம் எங்கே?"

"பேண்டு மாமாங்க மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க, மிஸ்."

வகுப்பு சிரித்து அடங்குவதற்குள் தெருவில் டம் டம் என்று சத்தம். புதுக் கோட்டு வந்தால் ஊர்வலம் போகாமல் இருப்பார்களா? மிஸ் உட்பட எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

"லைட், வெளிச்சம். சரி. ரைட்டும் சரி. சைட், பார்வை. அதுவும் சரி," என்று நெஞ்சு நெஞ்சாகப் படித்தார் மிஸ். "டிரம் அடிக்கிறவரே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, மறைக்குது!"

டிரம்காரர் பெருமையாகத் திரும்பி நின்றார்.

"ஏழுதானே இருக்கு. எட்டாவது எங்கே வாலு?"

தெருவோரம் கூட்டத்துக்கு மேலே பயில்வானின் தலை தெரிந்தது. அவர் தாளம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது வேண்டாம் மிஸ்," என்றாள் வாலு.

தெருவே கைதட்டிய வீட்டுப்பாடத்துக்கு எட்டுக்கு ஏழு மார்க். வாலு அதை வாங்கிக்கொண்டு, எண்பதுக்கு எண்பது வாங்கியவள் மாதிரி போய் உட்கார்ந்தாள்.