பின்னால் நின்று கைகாட்டியவன்

கட்டாய ராணுவ சேவை முடியும் தறுவாயில் என்னை மலைப்பக்கத்து ஊரான ஃப்ளோரினாவின் முகாமுக்கு மாற்றி, அந்த லாரியை என் தலையில் கட்டினார்கள். மற்ற டிரைவர்கள் அதன் பக்கமே போவதில்லை. ஃபோட்டிஸ் என்ற சிப்பாய் அதன் பின்சக்கரத்தில் சிக்கிச் செத்தவன். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கைகாட்டுவது அவன் வேலை. கவனமில்லாமல் நின்றான் என்று அவன் அம்மாவிடம் சொல்லிக் கதையை முடித்துவிட்டார்கள். அன்று ஓட்டியது மேஜர் கலோயராஸ் என்பது முகாம் நாய்க்குக்கூடத் தெரியும். சொல்லத்தான் ஒருவனுக்கும் வாயில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. நாட்டுக்குச் சேவையாம்! மேஜர் மனைவிக்குக் காய்கறி, மேஜர் மகனுக்கு சைக்கிள், மேஜர் வீட்டுக்கு விறகு. இதுதான் நான் செய்த சேவை.

அன்று மதியமும் விறகுதான். மேஜரே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மலையேறும்போதே பனிமூட்டம் அடைத்துக்கொண்டது.

"பின்னால நிக்க ஒரு ஆள் வேணும் சார்."

"எதுக்கு, கல்யாண ஊர்வலமா? நான் சொல்றேன், நீ எடு."

அவர் வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டேன். வண்டிக்குள் திடீரென்று ஈரக் கம்பளி நாற்றம். கண்ணாடியைப் பார்த்தேன்.

ஒருவன் நின்றான்.

சிப்பாய் உடுப்பு. நிறுத்து என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

பிரேக்கை மிதித்தேன்.

"என்னடா?"

"பின்னால ஆள் நிக்குது சார்."

மேஜர் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"அவன் நகர்ந்துக்குவான். எடுடா! இல்லேன்னா ஒரு மாசம் உள்ள வெப்பேன். உள்ள இருக்கற நாள் சேவையில சேராது, தெரியுமில்ல?"

தெரியும். அடுத்த வாரம் வீட்டுக்குப் போக வேண்டியவன் நான். ஆனால் இப்படித்தானே அன்றும் எடுத்திருப்பான், பாவி!

"மனுஷன் மேல வண்டி ஏத்த என்னால முடியாது. வேணும்னா நீங்களே ஏத்துங்க. உங்களுக்குப் பழக்கம்தானே?"

இன்ஜினை அணைத்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தேன்.

மேஜர் கெட்ட வார்த்தையில் திட்டியபடி இறங்கி, லாரிக்குப் பின்னால் போனார். யாருமில்லை. சிரிக்க வாயெடுத்தார்.

அவர் வலது கை மேலே எழுந்தது.

வா, வா என்று லாரியை அழைத்தது.

"வேணாம்! வேணாம்!" என்று அவர் அலறினார். இடது கையால் அதைப் பிடித்து இழுத்தார். அடங்கவில்லை. கால்களும் நகரவில்லை.

ஆளில்லாத லாரி பின்னால் உருண்டது.

"நான்தான் ஓட்டினேன்! அவன் நிக்கறான்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்! ஃபோட்டிஸ், விட்டுடுடா!"

அவர் மார்பைத் தொட்டதும் லாரி நின்றது.

மறுநாள் கர்னல் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க சார். ஃபோட்டிஸோட அம்மாகிட்ட உண்மையச் சொல்லுங்க" என்றேன்.

மேஜர் தொண்டையைச் செருமினார். "இவன் புளுகறான் சார். அந்தப் பையன்தான் கவனமில்லாம நின்னான்."

வெட்கங்கெட்ட ஜென்மம்!

சொல்லி முடிக்கவில்லை, அவர் வலது கை எழுந்தது. சல்யூட் என்று கர்னல் நினைத்திருப்பார். கை ஜன்னலைப் பார்த்து, வா, வா என்றது.

வெளியே முற்றத்தில், பேட்டரி கழற்றிப் போட்டிருந்த லாரி உறுமியது.