திருமுருகனுக்கு ஓர் ஆடும் பலகை

பெஞ்சு மறுபடியும் ஆடியது. சூர்யகலா எழுதிக்கொண்டிருந்த ‘ழ’வின் வால் கோட்டைத் தாண்டிக் கீழ்வரியில் போய் விழுந்தது.

“டேய், காலை ஆட்டாதடா!”

“நான் எங்க ஆட்டுறேன்? அதுவா ஆடுது,” என்றான் திருமுருகன்.

அது பொய்யில்லை. அவன் கால்கள் அவனைக் கேட்டு ஆடுவதில்லை. கணக்குப் பாடத்தில் மெதுவாக ஆடும். சாப்பாட்டு மணி நெருங்கினால் வேகமாக ஆடும். திண்டிவனத்தில் அவர்கள் படித்த ஐந்தாம் வகுப்பில் பெஞ்சும் மேசையும் ஒரே சட்டத்தில் பூட்டியவை. அதனால் கால் ஆடினால் பெஞ்சு ஆடும், பெஞ்சோடு மேசை ஆடும், மேசையோடு சூர்யகலாவின் எழுத்தும் ஆடும்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக சித்ரா டீச்சரிடம் போனாள்.

“இவனாலதான் டீச்சர் என் எழுத்து இப்படிக் கோணிக்கினு போவுது.”

டீச்சர் நோட்டைப் பார்த்தார். பிறகு திருமுருகனைப் பார்த்தார். “எத்தன தடவ சொல்றது உனக்கு? திங்கக்கிழமைலேர்ந்து பின்னாடி பீரோ பக்கத்துல தனியா உக்காரு.”

வகுப்பே சிரித்தது. திருமுருகன் சிரிக்கவில்லை. அவன் கால்கள் ஆடாமல் நின்றுவிட்டன. அதைப் பார்த்ததும் சூர்யகலா நோட்டை மெல்ல மூடிக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் அவன் கேட்டது ஒன்றுதான். “பீரோ பக்கத்துல நான் யார்கூடப் பேசுறது?”

சூர்யகலா திரும்பி ஓடினாள். “டீச்சர்! பெஞ்சும் ஆடாம, சத்தமும் வராம இருந்தா அவன் இங்கியே உக்காரலாமா?”

“அது எப்படி முடியும்?”

“முடியும் டீச்சர்!”

“சரி, திங்கக்கிழமை காலைல காட்டு. ஒரு சத்தம் கேட்டாலும் பீரோதான்.”

வெளியே வந்த பிறகுதான், எப்படி முடியும் என்று தனக்கே தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது.

வீட்டை ஒட்டி அவள் அம்மா விசாலாட்சியின் மரப்பட்டறை இருந்தது. சோபாவின் கைகள், சாய்வு நாற்காலி, தொட்டில் என வளைவாக எது வேண்டுமென்றாலும் ஊரில் அவரிடம்தான் வருவார்கள். சூர்யகலா பட்டறைக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவலை உதைத்தாள்.

“ஏன்டி, வால்ல தீப்பிடிச்ச மாதிரி சுத்திக்கினு இருக்க? அப்படி ஓரமா உக்காரு. பேஜாரு பண்ணாத,” என்றார் அம்மா. பேசிக்கொண்டே, புதிதாக முடித்த ஆடும் நாற்காலியை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

நாற்காலி முன்னும் பின்னும் ஆடியது. தரை ஆடவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பு ஆடவில்லை. சத்தமே இல்லை.

சூர்யகலா நின்றாள்.

அந்த நாற்காலியின் அடிக்கட்டை வில் மாதிரி வளைந்திருந்தது. அது ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் தரையைத் தொடும். ஆடும்போது அந்த இடம் மெல்ல உருண்டு நகரும், அவ்வளவுதான். திருமுருகனின் பாதத்துக்குக் கீழே அப்படி ஒரு பலகை இருந்தால்? கால் பலகையை ஆட்டிக்கொள்ளட்டும். பெஞ்சு ஏன் ஆடப்போகிறது?

சனிக்கிழமை அம்மா ஒரு வேப்பங்கட்டையின் அடிப்பக்கத்தை ரம்பத்தால் வளைவாக அறுத்துக் கொடுத்தார். “மீதி உன் பாடு. எனக்கு சோபா வேல கெடக்குது. நகவுளிய கீழ மட்டும் போட்ட, தெரியும் சேதி.”

சாதாரண உளியின் முனை நேராக இருக்கும். நகவுளியின் முனை நம் நகம் போல வளைந்திருக்கும். கரண்டி தயிரை அள்ளுவதுபோல அது மரத்தை அள்ளும். பாதம் வழுக்காமல் இருக்க, பலகையின் மேல்பக்கத்தில் இரண்டு குழிகள் வேண்டும். சூர்யகலா கட்டையை மேசையில் இறுக்கினாள். இரண்டு கைகளும் உளி முனைக்குப் பின்னால் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு தள்ளினாள். சர்ரென்று ஒரு சுருள் வந்தது.

அவசரம் யாரை விட்டது? குழியின் அடிவரை இறங்கிய உளியை அப்படியே எதிர்ப்பக்கம் மேலே தள்ளினாள். ‘படக்’கென்று மரத்திலிருந்து ஒரு சிம்பு பிய்ந்து வந்தது. பூனையை வாலிலிருந்து தலைக்குத் தடவினால் முடி எப்படி எழுந்து நிற்குமோ, மரநாரும் அப்படித்தான் எழும். அதன் பிறகு அவள் ஒரு விளிம்பிலிருந்து நடுவரை இறங்கினாள். கட்டையைத் திருப்பி இறுக்கி, அடுத்த விளிம்பிலிருந்து நடுவரை இறங்கினாள்.

திருமுருகன் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலையோடு வந்தான். வந்தவன் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மரத்தூளை ஊதினான், அரத்தைத் தட்டினான்.

“உன் கைக்கு ஒரு வேல தர்றேன் இரு,” என்று சூர்யகலா உப்புத்தாளைக் கொடுத்தாள்.

தேய்ப்பது அலுக்கும் வேலை. எல்லோரும் பாதியில் விட்டுவிடுவார்கள். திருமுருகன் விடவில்லை. மல்லாட்டை தீர்ந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தான். குழிகள் கன்னம் போல வழவழப்பாயின.

ஞாயிறு மாலை பலகையைத் தரையில் வைத்து மிதித்தான். டக். டக். டக்.

“போச்சு! எனக்கு பீரோதான்,” என்றான்.

அடியில் எங்கோ மேடு இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எல்லாமே ஒரே வளைவாகத்தான் தெரிந்தது. வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று சூர்யகலா பலகையை வாசலுக்கு எடுத்துப் போய்ப் பொத்தென்று வைத்தாள்.

“ஏய், கோலத்து மேல வெச்சிட்ட!” என்று திருமுருகன் கத்தினான்.

அவசரமாகத் தூக்கினாள். அடியில் இரண்டு இடங்களில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. நடுவில் துளி மாவு இல்லை.

“டேய், எங்க மேடோ அங்கதான மாவு ஒட்டும்?”

“ஆமா! நடுவுல பள்ளம். அதான் இந்த மேட்டுலேர்ந்து அந்த மேட்டுக்குக் குதிக்குது!”

வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் அவள் அரத்தால் ராவினாள். மாவின் மேல் உருட்டினாள். மறுபடி ராவினாள். வாசற்கோலம் தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மாவு ஒரே பட்டையாக ஒட்டியது. திருமுருகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தான்.

சத்தமே இல்லை.

“கோலத்த எவன்டா அழிச்சது?” என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. இருவரும் ஜல்தியாகத் தெருமுனைக்கு ஓடிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, சித்ரா டீச்சர் அவர்கள் மேசையின் மேல் ஒரு சாக்பீஸைச் செங்குத்தாக நிறுத்தினார். “இப்ப கணக்கு. நூற்று நாப்பத்து நாலை பன்னெண்டால வகுங்க.”

மேசைக்குக் கீழே, பலகையின் மேல் திருமுருகனின் கால்கள் ஆடத் தொடங்கின. சூர்யகலா சாக்பீஸையே பார்த்தாள். அது விழவில்லை. அசையக்கூட இல்லை. கணக்கு முடிந்தது. சாக்பீஸ் நின்றுகொண்டே இருந்தது.

டீச்சர் அதை எடுத்துக்கொண்டு, “பீரோ தனியாவே இருக்கட்டும், நீ இங்கியே உக்காரு,” என்றார்.

திருமுருகன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அடுத்தது தமிழ்ப் பாடம். சூர்யகலா புதுப் பக்கத்தைத் திருப்பி, ஆசையாக ஒரு வரி எழுதினாள். திருமுருகன் எட்டிப் பார்த்தான்.

பெஞ்சு ஆடவில்லை. மேசை ஆடவில்லை. ‘ழ’வின் வால் மட்டும் கோட்டைத் தாண்டிக் கீழ்வரியில் சுகமாகப் படுத்திருந்தது.

“என்னைப் பாக்காத,” என்றான் திருமுருகன். “நான் ஒண்ணும் பண்ணல.”