பின்சீட்டில் இடது பக்கம்

ஈப்போ ஆஸ்பத்திரியின் பின்வாசலில் பத்துமலை காரை நிறுத்தியபோது மழை இன்னும் வரவில்லை. சுண்ணாம்பு மலைகளின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. எழுபத்து நான்காம் வருஷம், நவம்பர் மாதம்.

கறுப்பு இங்கிலீஷ் கார். அவன் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஆள் ஏற்றிப் பிழைத்தான். பெர்மிட் கிடையாது. பெர்மிட் வைத்திருந்த டாக்சிக்காரர்கள் பிணம் ஏற்ற மறுத்துவிட்டதால் இவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஐயாவு சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தள்ளுவண்டியில் அவன் அக்கா நல்லம்மாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். காய்ச்சல் என்று கொண்டுவந்தார்கள். விடியுமுன் போய்விட்டாள்.

"படுக்க வைக்க வேணாம்ணே," என்றான் ஐயாவு. "வழியில போலீஸ் தடுப்பு இருக்கு. பொணம்னு தெரிஞ்சா எறக்கி வச்சு ஆயிரம் கேள்வி கேப்பான்."

"பின்ன என்னா செய்யிறது?"

"உக்கார வச்சுக்கலாம்லா. நான் புடிச்சிக்கிறேன்."

பின்சீட்டில் இடது பக்கம், ஜன்னலோரமாக உட்கார வைத்தார்கள். கழுத்துவரை போர்வை. தாடையைக் கட்டிய துணி தெரியாமல் தலையில் முக்காடு. தூரத்திலிருந்து பார்த்தால் தூங்கும் பெண்தான்.

கார் கிளம்பியது. ஜெலாப்பாங் சாலைக்கு வந்ததும் ஐயாவு பேச ஆரம்பித்தான். பத்துமலையிடம் அல்ல.

"அக்கா, ஜெலாப்பாங் வந்துருச்சு."

கொஞ்ச தூரம் போனதும், "அக்கா, பாலம் வருது. பயப்படாத."

"என்னடா அது?" என்றான் பத்துமலை.

"சொல்லிக்கிட்டே போவணும்ணே. ஏறுனா ஏறுன்னு சொல்லணும், எறங்குனா எறங்குன்னு சொல்லணும். சொல்லலேன்னா போன உசுருக்குத் தெரியாது. உக்காந்த எடத்துலயே உக்காந்துடும்."

தடுப்பில் ஒரு போலீஸ்காரன் இடது ஜன்னலில் குனிந்தான். உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டான். ஆமாம் என்றான் ஐயாவு. போலீஸ்காரன் இன்னொரு முறை பார்த்தான். பிறகு இரண்டடி பின்னால் போய், கையை மட்டும் வேகமாக அசைத்தான்.

காந்தான் தாண்டியதும் கார் கொதித்தது. ரேடியேட்டர் ஒழுகுவது பத்துமலைக்குத் தெரியும். சவர்க்காரம் வைத்து அடைத்து அடைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கு அது தாங்கவில்லை. பானெட்டைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அதே நேரம் மழையும் கொட்டியது.

எதிர்பாராமல் ஒரு மணல் லாரி நின்றது. ஓட்டிவந்த சீனன் விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தான். ஆனால் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தான்.

"செப்பாட் லா, செப்பாட்!" என்று அவசரப்படுத்தினான்.

ஐயாவு அக்காவைத் தோளில் அள்ளிக்கொண்டு ஓடினான். தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கிடத்தினான். தானும் ஏறினான். லாரி வளைவில் மறைந்தது.

பள்ளத்துத் தண்ணீரை டின்னில் மொண்டு வந்து, எஞ்சின் ஆறட்டும் என்று பத்துமலை உள்ளே உட்கார்ந்தான். கூரைமேல் மழை. வேறு சத்தம் இல்லை.

பின்சீட்டு முனகியது.

வெகுநேரம் ஒரே நிலையில் இருந்தவர் உடம்பைச் சற்றே மாற்றி உட்காரும்போது எழும் சத்தம்.

பத்துமலை திரும்பவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஐயாவு அக்காவை இறங்கச் சொல்லவே இல்லை.

*

மெக்கானிக் அப்பாவுவின் பட்டறை காய்கறிப் பாசாருக்குப் பின்னால் இருந்தது. ரேடியேட்டரைக் கழற்றியவன் காரைச் சுற்றி வந்து பின்னால் நின்றான்.

"மச்சான், பின்னால என்னா ஏத்துறே? அரிசி மூட்டையா?"

"ஒண்ணும் இல்லியே."

"இடது ஸ்பிரிங் படுத்துருச்சு. வலது நல்லா நிமிந்து நிக்குது. உன் சம்சாரம் அந்தப் பக்கமா உக்காருவாங்களா?"

சிரித்துக்கொண்டே புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தான். ஒரு மாதத்தில் அதுவும் படுத்தது. அந்தப் பக்கத்து டயர் மட்டும் மொட்டையானது. இன்னொரு ஸ்பிரிங் மாற்றியபோது அப்பாவு சிரிக்கவில்லை. காலி காரின் அடியில் மல்லாந்து படுத்து, இடது ஸ்பிரிங்கையே வெகுநேரம் பார்த்தான். பிறகு வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"இது மூச்சு வுடுது மச்சான்," என்றான் மெல்ல. "ஏறி எறங்குது."

காருக்குள் ஒரு வாசம் தங்கியது. கட்டிப்பால் புளித்த வாசம், உறைந்த ரப்பர் பாலின் நெடி. பால் வெட்டுகிறவர்களின் துணியிலும் கைகளிலும் இருப்பது. சீட்டைக் கழுவினான். வெயிலில் காய வைத்தான். மஞ்சள் தண்ணீர் தெளித்தான். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் அதே வாசம்.

ஒருநாள் ஒரு பெரியவர் இடது கதவைத் திறந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"ஆள் இருக்கா? சரி சரி, நான் அந்தப் பக்கமா வாரேன்."

சுற்றிப் போய் வலது பக்கம் ஏறினார். வழியெல்லாம் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பத்துமலை அன்று மாலையே தோட்டத்துக்குப் போனான். அவள் வீட்டில் அவளை இறக்கிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டிருந்தது. பால்மரங்கள் இல்லை. தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகளை இடித்துத் தள்ளியிருந்தார்கள். செம்மண் வெளியில் முழங்கால் உயரத்துக்கு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகள். ஐயாவு பாகான் டத்தோ பக்கம் போய்விட்டான் என்று காவல்காரன் சொன்னான். எந்தத் தோட்டம் என்று தெரியாது.

லயன் இருந்த இடத்தில் காரை நிறுத்தி, இடது கதவைத் திறந்துவிட்டான்.

"அக்கா, தோட்டம் வந்துருச்சு. எறங்குங்க."

காற்று இல்லை. ஒரு கன்றும் அசையவில்லை.

"வீடு வந்துருச்சுக்கா."

அது பொய். சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்தது.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து.

*

மகள் நவமணிக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கு அவளை முன்சீட்டில்தான் ஏற்றிப் போவான். பின்னால் ஏற விட்டதில்லை. ஒருநாள் காலை, பனியில் விளக்குப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது அவள் தலையைப் பின்பக்கம் திருப்பிச் சொன்னாள்:

"அக்கா, பாலம் வருது. பயப்படாதீங்க."

பத்துமலை பிரேக்கை அழுத்தினான். "யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"அவங்கதான் கேட்டாங்க. இப்ப எங்க போறோம்னு."

"இனிமே பேசக்கூடாது. அங்க திரும்பிப் பாக்கக்கூடாது. கேட்டியா?"

"பாவம்பா. அவங்களுக்கு வழி தெரியலலா."

அந்த வருஷம் எஞ்சின் புகைவிட ஆரம்பித்தது. அப்பாவு எஞ்சினை இறக்கினான். கார் பட்டறையில் கட்டைகள்மேல் நின்றது. முதல்நாள் மாலையே நவமணியின் இடது தோள் சரிந்தது. சோறு சாப்பிடும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். மறுநாள் காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டார். காய்ச்சல் ஏறியது.

அவன் மனைவி மங்களம் அறையிலிருந்து வெளியே வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏங்க, புள்ள பாயெல்லாம் கட்டிப்பால் நாத்தம். நம்ம வீட்டுல யாரு பால் வெட்டுறா?"

பத்துமலை உள்ளே போய்ப் பார்த்தான். நவமணி பாயின் வலது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தாள். இடது பக்கம் முழுவதும் காலியாக இருந்தது. காலியான அந்தப் பக்கத்தில் தலையணை குழிந்திருந்தது.

"தள்ளிப் படு கண்ணு. ஓரமா இருக்கியே."

"எடம் இல்லப்பா," என்றாள் நவமணி.

பட்டறைக்கு ஓடினான். அப்பாவுவின் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னிக்கே முடிச்சுக் குடு மச்சான். கால்ல வேணாலும் விழுறேன்." இருட்டுவதற்குள் எஞ்சின் ஏறியது. சாவியைத் திருப்பினான். கார் உறுமியது. பின்பக்கம், இடதுபுறம், மெல்லத் தாழ்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது நவமணி நிமிர்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது.

கியர்பாக்ஸ் உடைந்தபோது இன்னொரு முறை அப்படியே நடந்தது. அதற்குமேல் அவனுக்குச் சந்தேகம் இல்லை. கார் ஓடும்வரை அவள் காரில் இருப்பாள். கார் நின்றால் வீட்டுக்கு வருவாள்.

*

அதன்பிறகு பத்துமலை வண்டி பார்த்ததுபோல் யாரும் வண்டி பார்த்ததில்லை. காலையில் எண்ணெய், தண்ணீர், பெல்ட். எண்ணெய் கறுக்குமுன் மாற்றினான். பிளக்கைக் கழற்றித் தேய்த்தான். மழையில் ஓட்டினால் அடிப்பகுதியைத் துடைத்துக் கிரீஸ் தடவினான். சாமான் கிடைக்காதபோது பினாங்கு வரைக்கும் போய்ப் பழைய இரும்புக் கடைகளில் தேடினான். அதே ரகத்துக் கார் ஒன்று சித்தியவானில் கோழிக்கூடாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, கோழிகளை விரட்டிவிட்டு அச்சையும் கதவையும் கழற்றி வந்தான். சவாரி இல்லாத நாளிலும் ஓட்டினான்.

காப்பிக்கடையில் கேலி செய்தார்கள். "என்னா பத்துமலை, காடிக்கு மாப்பிள பாத்துட்டியா?" அவனும் சிரிப்பான். பாதிக் காப்பியில் எழுந்து, கார் கிளம்புகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வருவான்.

"இந்தக் காடில பழசுன்னு இருக்கிறது உன் மூஞ்சி ஒண்ணுதான் மச்சான்," என்பான் அப்பாவு. "மத்ததெல்லாம் மாத்தியாச்சு."

எல்லாமும் அல்ல. சேசிஸை, அந்த அடிச்சட்டத்தை, மாற்ற முடியவில்லை.

எண்பத்து மூன்றில் அது போனது. துருவை அப்பாவு ஆணியால் குத்தினான். ஆணி மறுபக்கம் வந்தது.

"வெல்டிங் எதப் புடிச்சுக்கிட்டு நிக்கும் சொல்லு? இரும்பே இல்ல. வுட்டுடு."

"வுட முடியாது."

"வெறும் காடி மச்சான்."

பத்துமலை அவனைப் பார்த்தான். அப்பாவு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். கிடைத்த தகடுகளையெல்லாம் வைத்து ஒட்டிக் கொடுத்தான். எவ்வளவு நாள் தாங்கும் என்று பத்துமலை கேட்கவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில், வீட்டுக்கு அரைமைல் இருக்கும்போது, கார் நடுவில் உடைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. முதுகு ஒடிந்த மாடு போல வயிறு தரையில் பட்டு நின்றது. எஞ்சின் இரண்டுமுறை இருமி அடங்கியது.

சாவியைத் திருப்பினான். இல்லை.

மறுபடி திருப்பினான். இல்லை.

இந்த நேரம் நவமணி வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருப்பாள். பதினாறு வயது. அவளுடைய இடது தோள் இப்போது சரிந்துகொண்டிருக்கும்.

பத்துமலை இறங்கினான். பின்பக்க வலது கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவன் பின்னால் உட்கார்ந்ததில்லை. கட்டிப்பால் வாசம் மூச்சை அடைத்தது. இடது பக்கம் பார்க்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அக்கா, காடி செத்துருச்சு."

சீட்டு முனகியது.

"எம் புள்ளகிட்ட போவாதீங்க. அது சின்னப் புள்ள, பாவப்பட்டுப் பேசிருச்சு. ஏத்துனது நான். நான்தான் உங்கள வீடு சேக்கணும். எறங்குங்க. எங்கூட வாங்க."

அவன் இறங்கிக் கதவைத் திறந்து வைத்தான்.

பிறகு காரின் இடது பக்கம் உயர்ந்தது. மெதுவாக. ஸ்பிரிங் ஒவ்வொரு பட்டையாக நிமிர்ந்தது.

அவன் நடந்தான். தோளில் பாரம் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பின்னால் வருகிறாளா, முன்னால் போய்விட்டாளா, தெரியவில்லை. வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனான்.

"அக்கா, வாய்க்கா வருது. அக்கா, சந்து திரும்புறோம். அக்கா, எங்கூடத்தான் வாரீங்களா?"

நாய்கள் குரைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எழுந்து, ஒதுங்கிப் படுத்தன.

கதவைத் தட்டினான். நவமணி திறந்தாள். நேராக நின்றாள். இரண்டு தோளும் ஒரே மட்டம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. அவளைத் தாண்டி உள்ளே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நவமணி கதவைப் பிடித்தபடியே இருந்தாள்.

"சாத்தும்மா," என்றான்.

"பொறுங்கப்பா."

வெளியே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ கால் கழுவுவதுபோலத் தண்ணீர் விட்டு விட்டு விழுந்தது. பிறகு குழாய் நின்றது.

நவமணி வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினாள்.