புரிந்ததா? ஆம், இல்லை

கணவர் போன பிறகு அவள் முதன்முதலாக வேலைக்கு வந்த அன்று, கீழ்த்தளத்தில் அவருடைய தையல் மெஷின் ரிப்பேர் கடையின் ஷட்டர் இறங்கியே இருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் விறுவிறுவென்று படியேறினாள்.

மாடியில் இருந்தது ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. கம்ப்யூட்டர் படிக்காதவர்களும் தங்கள் இணையதளத்தைத் தாங்களே நடத்திக்கொள்வதற்கு அங்கே ஒரு மென்பொருள் செய்திருந்தார்கள். ஒவ்வொரு வேலைக்கும் மாட்யூல் என்று ஒரு தனிப் பகுதி: அறிவிப்பு போட ஒன்று, படம் ஏற்ற ஒன்று, உறுப்பினர் பட்டியலுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி. அதை அழுத்தினால் உதவிக் குறிப்பு திறக்கும். அடியில் ‘புரிந்ததா?’ என்ற கேள்வியும், ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்களும். அந்தக் குறிப்புகளை எழுதுவதுதான் அவள் வேலை.

எழுதியது தேறுமா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. மாடியிலிருந்து குரல் கொடுப்பாள். கணவர் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வருவார். கம்ப்யூட்டர் விஷயத்தில் மனிதர் ஞானசூனியம். தனக்கே புரிந்தால் ஊருக்கே புரியும் என்று அதில் பெருமை வேறு. வார்த்தை வார்த்தையாக முணுமுணுத்துப் படிப்பார். ‘இல்லை’யை அழுத்துவதில் பெண்டாட்டி என்ற தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது. புரிந்துவிட்டால் ‘ஆம்’ அழுத்திவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் கடைக்குப் போய்விடுவார். முதலாளி அவருக்கு வைத்த பெயர் பரிசோதனை எலி.

லாரி மோதியது அவருக்கே தெரிந்திருக்காது, அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் எழுந்து நடமாடினாள்.

மதியம் மற்றவர்கள் வெளியே கிளம்பிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அந்தப் பின்னறையில் பகலிலும் பாதி இருட்டுதான். அறிவிப்பு மாட்யூலுக்கு ஏனோதானோவென்று ஒரு குறிப்பை எழுதிச் சேமித்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது குறிப்பு திறந்திருந்தது.

‘இல்லை’ அழுத்தப்பட்டிருந்தது.

எழுதியதைப் போட்டுப் பார்க்கும் சோதனைத் தளம் அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது. வெளியிலிருந்து யாரும் தொட முடியாது. தானே கைதவறி அழுத்தியிருப்போம் என்று நினைத்து, இரண்டு வரியை மாற்றினாள். அப்போதுதான் மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. கடையிலிருந்து வருகிறது என்று சாதாரணமாக நினைத்தாள். கடை பூட்டிக் கிடப்பது பிறகுதான் உறைத்தது.

அவள் கண்ணெதிரில், மவுஸ் அசையாமலே, ‘இல்லை’ மறுபடி அமுங்கியது.

தோளுக்குப் பின்னால் யாரோ வார்த்தை வார்த்தையாக முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க?” என்றாள்.

படிப்பு நிற்கவில்லை. அவள் குரல் அங்கே எட்டவில்லை. எழுத்து மட்டும்தான் எட்டியது.

வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவள் உட்கார்ந்தாள். தெளிவாக, அழகாக, முதலிலிருந்து எழுதினாள். ‘ஆம்’ அமுங்கியது. முணுமுணுப்பு ஓய்ந்தது. வாசனையும் போயிற்று. வேலை முடிந்ததும் போய்விடும் மனிதர் போயே போய்விட்டார்.

அடுத்தது பட மாட்யூல். அதில் அவள் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தாள். வேண்டுமென்றே தப்பாக எழுதினாள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் போட்டாள். நடுவில் ஒரு படியை விழுங்கினாள்.

வாசனை வந்தது. ‘இல்லை.’

இன்னும் கொஞ்சம் குழப்பினாள். ‘இல்லை.’ அழுதுகொண்டே சிரித்தாள். எத்தனை நாளாயிற்று, இப்படிப் பக்கத்தில் நின்று!

பிறகு பொத்தான் வேகமாக அமுங்கத் தொடங்கியது.

இல்லை. இல்லை. இல்லை.

முணுமுணுப்பில் இப்போது வார்த்தைகள் இல்லை. தெரியாத வீட்டின் இருட்டில் சுவிட்சைத் தேடிச் சுவர் முழுக்கத் தடவுகிறவரின் மூச்சு மட்டும் கேட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அவர் தவித்துக்கொண்டிருந்தார். தெரிந்திருக்காது என்றாரே டாக்டர். அப்படியென்றால், தான் இறந்தது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் அழித்தாள். ‘நீங்கள் இப்போது எங்களோடு இல்லை’ என்று எழுதினாள்.

இல்லை.

‘மறைந்துவிட்டீர்கள்.’

இல்லை.

பூசி மெழுகினால் அவருக்கு என்றைக்குத்தான் புரிந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு, அவரிடம் பேசுவது போலவே எழுதினாள்.

‘மெஷின் ரிப்பேர் பண்ணிட்டு வண்டியில வந்துட்டு இருந்தீங்க. திருப்பத்துல லாரி மோதிருச்சு. நீங்க செத்துட்டீங்க. நான்தான் வந்து அடையாளம் காட்டினேன். இனிமே கூப்பிட்டாலும் மேல வர வேணாம்.’

மூச்சுகூட நின்றுவிட்டது.

நெடுநேரம் கழித்து, மெதுவாக, ‘ஆம்’ அமுங்கியது.

அவள் மேஜையில் தலை கவிழ்த்து வாய்விட்டு அழுதாள். தன் கையாலேயே அனுப்பிவிட்டாள். நிமிர்ந்தபோது திரையில் இன்னொரு குறிப்பு திறந்திருந்தது. அது அவள் எழுதியதல்ல.

‘எனக்கு புரிஞ்சுது. உனக்கு?’

அடியில் அதே இரண்டு பொத்தான்கள். அவர் நிம்மதியாகப் போக வேண்டுமானால் எதை அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். விரலை அங்கே கொண்டும் போனாள். அவளால் முடியவில்லை.

‘இல்லை’யை அழுத்தினாள்.

பக்கத்திலிருந்த காலி நாற்காலி, தரையில் உரசிக்கொண்டு, அவளருகே நகர்ந்து வந்தது.