தலைப்புக்கு இடைஞ்சல்

காலை ஏழு மணி.

படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்திருந்த பழைய மாடி வீட்டைப் பெருக்க வந்தவள்தான் முதலில் பார்த்தாள். மாடிப்படியின் அடியில் கதாநாயகி இடப்பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தாள். பின்மண்டையில் அடி. வலது காதில் கம்மல் இல்லை. அது படிக்கு அடியில், தூசிக்குள் கிடைத்தது. வலது மணிக்கட்டில் மட்டும் லேசான கன்றல்.

பெண் இன்ஸ்பெக்டர் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். ஏறும்போது வலது பக்கம் மரக் கைப்பிடி, இடது பக்கம் சுவர். கைப்பிடி ஆடவில்லை. படியில் ஈரமும் இல்லை.

"கால் தவறியிருக்கும்" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றியபடி. "நேத்து ராத்திரி போயிருக்கு உயிர். மத்தது பிரேதப் பரிசோதனையிலதான் தெரியும்."

வாசலில் இறந்தவளின் அக்கா உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்துக்கு மேக்கப் போட்டவளும் அவள்தான்.

"அவ தானா விழல மேடம். விபத்துன்னு எழுதி மூடிருவீங்க, எனக்குத் தெரியும்."

"நான் இன்னும் எதையும் எழுதலம்மா. ஷூட்டிங்தான் முடிஞ்சிருச்சே, நேத்து எதுக்கு இங்க வந்தா?"

"சொல்லல. சாயங்காலம் ஃபோன் வந்துச்சு, கோவமா கிளம்பினா. ஓடிடியில வரப்போற படத்தோட கவர்ல அவளைப் பிணமாப் போடணும்னு டைரக்டர் ஒத்தைக் கால்ல நின்னாரு. படத்துல கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறதே இவதான் மேடம். 'நிக்க வெச்சு என் முகத்தைப் போடு, இல்லன்னா போடவே போடாத'ன்னு சண்டை."

இன்ஸ்பெக்டர் நகரப் போனபோது அக்கா தன் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கஷ்டப்படாமதானே போயிருப்பா?"

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்ற ஜீப்பில் ஏறினார்.

காலை பதினொரு மணி.

சாவுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் ஏசி அறையில் கூட்டம் போட்டிருந்தார்கள். மேசையில் டீக் கோப்பைகள், பிஸ்கட் துகள்கள். சுவரில் மூன்று முகப்புப் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. இயக்குநர், அவருடைய அக்காவின் கணவரான தயாரிப்பாளர், கணினி முன்னால் டிசைனர். மூன்று பேர் முகத்திலும் அழுத சுவடு ஒரு பொட்டும் இல்லை.

"தப்பா நினைக்காதீங்க மேடம். பன்னெண்டு மணிக்குள்ள ஓடிடி கம்பெனிக்குக் கவர் போய்ச் சேரலன்னா ரிலீஸ் தள்ளிப் போயிரும். நாங்க சின்ன படம். எங்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க" என்றார் இயக்குநர்.

"அதுவும் இப்ப அவ முகம்தான் போகணும்" என்று தயாரிப்பாளர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "நியூஸ் வந்திருச்சில்ல? ஜனங்க தேடிப் பாப்பாங்க. அவளுக்கு நாம செய்யற மரியாதையும் ஆச்சு."

அந்த மனிதர் உதட்டில் ஒட்டியிருந்த பிஸ்கட்டைப் பார்க்கவே இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை.

சுவரைப் பார்த்தார். முதல் படத்தில் கத்தி, ரத்தம். இரண்டாவதில் துப்பாக்கியோடு கதாநாயகன். மூன்றாவதில் அவள். சிவப்புத் தரையில் கன்னம் பதிய ஒருக்களித்து, பாதி மூடிய கண்களோடு. கம்மல் இல்லாத இடது காது. தலைக்குப் பின்னால் மாடிப்படி மங்கலாக ஏறிப் போனது. பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை. எடுக்க முடியவில்லையே என்று தன் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது.

"ஏன் மூணாவது?"

டிசைனர் தொழில் பேச்சு கிடைத்ததும் நிமிர்ந்தான். மூன்றையும் திரையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிக் காட்டினான். "ஜனங்க ஃபோன்ல இந்த சைஸ்லதான் பாப்பாங்க மேடம். கத்தி எந்தப் படத்துலதான் இல்ல? ஹீரோ கூட்டத்துல காணாமப் போயிடறாரு. இது ஒண்ணுதான் சின்னதானாலும் நிக்குது. நேத்து ராத்திரி டைரக்டர் சார் இந்த ஃபோட்டோவ அனுப்பினதும் மத்த ரெண்டும் செத்துப் போச்சு."

"எப்ப எடுத்த ஃபோட்டோ?"

"போன மாசம்" என்றார் இயக்குநர். "கொலைகாரனை ஏமாத்த அவ பிணமா நடிக்கிற சீன். அதே வீடு, அதே படி. பழைய ஸ்டில்ஸைத் தேடினப்ப கிடைச்சது."

"நேத்து சாயங்காலம் எங்க இருந்தீங்க?"

"எடிட்டிங் ரூம்ல."

"கூட யாரு?"

"தனியாத்தான்."

இன்ஸ்பெக்டர் அக்காவுக்கு ஃபோன் போட்டார். "அந்தப் பிணமா நடிக்கிற சீன்ல கம்மல் இருந்துச்சாம்மா?"

"ஒரு காதுல இருக்காது மேடம். கழண்டு விழுந்த மாதிரி காட்டணும்னாங்க. என் கையாலதான் கழட்டினேன். இடது காது."

"இடதா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"இடதுதான் மேடம். சத்தியம்."

சடலத்தில் இல்லாதது வலது கம்மல். படத்தில் இல்லாதது இடது கம்மல். அப்படியானால் அது போன மாதப் படம்தான்; கணக்கு சரியாக இருந்தது. இயக்குநர் பரீட்சையில் பாஸான பையனைப் போலச் சிரித்தார். "நான்தான் சொன்னேனே மேடம்."

அந்தச் சிரிப்புதான் இன்ஸ்பெக்டரைக் கதவருகில் நிறுத்தியது. திரும்பி மறுபடியும் மூன்றாவது படத்தைப் பார்த்தார். இந்த முறை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே. அவர் மாடிப்படியைப் பார்த்தார்.

படத்தில் கைப்பிடி இடது பக்கம் இருந்தது. சுவர் வலது பக்கம்.

காலையில் அந்தக் கைப்பிடியை அவர் வலது கையால் பிடித்துக்கொண்டுதான் ஏறியிருந்தார்.

"தம்பி, இந்த ஃபோட்டோவைத் திருப்பிப் போட்டீங்களா?"

"ஆமா மேடம்" என்றான் டிசைனர் சாதாரணமாக. "வலது ஓரத்துல ஓடிடிக்காரங்க முத்திரை குத்துவாங்க, அதனால தலைப்பு இடது பக்கம் வரணும். முகம் அங்க உக்காந்திருந்துச்சு. கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிட்டேன். கவர்னா எல்லாரும் செய்யறதுதான்."

"டைரக்டருக்குத் தெரியுமா?"

"கேக்கலியே. பாத்தவுடனே 'பிரமாதம்'னாரு."

இயக்குநரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"நீங்க செஞ்சதை ஒவ்வொண்ணா பின்னால எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

டிசைனர் விசையைத் தட்டினான். தலைப்பு போனது. நிறம் வெளுத்தது. படம் சட்டென்று திரும்பியது. கைப்பிடி வலது பக்கம் வந்தது. கம்மல் இல்லாத காது இப்போது வலது காது. "பிணத்துலயும் வலது கம்மல்தான் இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னும் இருக்கா?"

"கீழ கொஞ்சம் வெட்டினேன். தலைப்புக்கு இடைஞ்சலா இருந்துச்சு..."

"அதையும் காட்டுங்க."

இன்னொரு தட்டு. படத்தின் அடிப்பகுதி திறந்துகொண்டது. தரையோடு தரையாக ஒரு கை, படம் எடுத்தவனை நோக்கி நீண்டிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன.

டிசைனர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நடிப்புன்னு நினைச்சேன் மேடம். கடவுளே, நடிப்புன்னுதான் நினைச்சேன்." வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அந்த அறையில் மனிதனாக நடந்துகொண்டது அவன் ஒருவன்தான்.

"ஃபோனைக் குடு" என்றார் இன்ஸ்பெக்டர். இயக்குநருக்குக் கொடுத்த மரியாதை அதோடு தீர்ந்தது.

"அவளா விழுந்தா. நான் தள்ளல."

"அப்ப எடிட்டிங் ரூம்ல இல்ல. பக்கத்துல இருந்திருக்கே. கவருக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டே. பிணமாப் படுக்க மாட்டேன்னு அவ கிளம்பினா. மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்தே. அவ உதறினா. சரியா?"

இயக்குநர் தலையைக் குனிந்தான். பிறகு மெல்ல, "ஒரு நிமிஷம் பதறிட்டேன்" என்றான். "அப்புறம் பாத்தேன்... அந்த வெளிச்சம் அப்படி விழுந்துச்சு. போன மாசம் எவ்வளவோ எடுத்தும் அது வரல மேடம்."

படங்களை அவன் அழித்திருக்கவில்லை. அழிக்க மனசு வந்திருக்காது. வாழ்நாளில் அவன் எடுத்த நல்ல படங்கள் அவைதான். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். முதலில் கை மார்போடு மடங்கியிருந்தது. பிறகு தரைக்கு வந்தது. நடுவில் நிழல் மாறியது. விளக்கை நகர்த்தி வைத்திருக்கிறான். பிறகு கை நீண்டது. இன்னும் நீண்டது. கடைசிப் படங்களில் அப்படியே விழுந்து கிடந்தது.

ஃபோனை உறைக்குள் போட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் உள்ளங்கையைச் சீருடையில் தேய்த்துக்கொண்டார். தேய்த்தும் அருவருப்பு போகவில்லை.

தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "மச்சான் பண்ணினது தப்புதான் மேடம். ஆனா... அந்த ரெண்டாவது கவரையாவது இப்ப அனுப்பிரலாமா?"

"வாயை மூடிட்டு உக்காருய்யா."

காவலர்கள் இயக்குநருக்கு விலங்கு மாட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அக்கா.

"எதுக்கு மேடம் கம்மலைப் பத்திக் கேட்டீங்க?"

"உன் தங்கச்சி தானா விழலம்மா. நீ சொன்னதுதான் சரி. டைரக்டரைப் பிடிச்சிட்டோம்."

அந்தப் பக்கம் அழுகை வெடித்து, மெதுவாக அடங்கியது. பிறகு காலையில் கேட்ட அதே கேள்வி வந்தது. "கஷ்டப்படாமதானே போனா?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் இந்தப் படங்களைக் கோர்ட்டில் எல்லோரும் பார்ப்பார்கள். அங்கே வைத்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

"இல்லம்மா. விழுந்த அப்புறமும் உசுரோடதான் இருந்திருக்கா. தூக்கி விடச் சொல்லிக் கையை நீட்டியிருக்கா."

"யாரும் இல்லாத வீட்டுல யார்கிட்ட மேடம் நீட்டினா?"

இன்ஸ்பெக்டர் விலங்கோடு நின்றவனைப் பார்த்தார். அவன் சுவரில் இருந்த மூன்றாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படம் எடுத்துட்டிருந்தவன்கிட்ட" என்றார்.